காய்ச்சல் விட்டுருச்சா மாப்ள?

ஐப்பசி மழை இன்னும் ஊரை முழுசா நனைக்கல, அதுக்குள்ள நீ வைத்தியசாலையைத் தொறந்துட்டியாமே மாப்ள! போன வருசம் உன் சின்னவனுக்கு டெங்கு வந்தப்ப ஹோமியோபதி மாத்திரையிலதான் கேட்டுச்சுன்னு தெருத்தெருவாச் சொன்ன. சொன்னதோட நிக்காம, இந்த வருசம் மொத்தமாக் குப்பி வாங்கியாந்து, வெறும் வயித்துல நாலு உருண்டைன்னு தெருப்புள்ளைகளுக்கு எல்லாம் பங்கு வெக்கிறியாம். உங்க அத்தைக்குக்கூட ஒரு பொட்டலம் வந்துருக்கு. எனக்கு மட்டும் வரல. இந்தக் கெழவனைக் கடிச்சு எந்தக் கொசு பொழைக்கப் போகுதுன்னு விட்டுட்ட போல.

கோவம் ஒண்ணும் இல்ல, உக்காரு. அந்தக் குப்பியை இப்பிடிக் குடு பாப்போம்.

சுண்டுவிரல் தண்டிக் கண்ணாடிக் குப்பி. வெள்ளை மூடி. உள்ள கொத்தமல்லி வெதை தண்டிக்கு வெள்ளை வெளேர்னு உருண்டை. மேல ஒட்டியிருக்குற சீட்டை அன்னைக்கே என் பேத்தி படிச்சுச் சொல்லிட்டா: யூபட்டோரியம் பெர்ஃபோலியேட்டம் 200. பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதிக் காய்ச்சல் எறங்கிரும் போலிருக்கே!

"கையால தொடாதீங்க மாமா"ன்னு பதறுற. தொட்டா வீரியம் போயிருமாம், மூடியில தட்டி நேரா நாக்குல போடணுமாம். போடுறதுக்கு முன்னாடி அரைமணி, பின்னாடி அரைமணி காப்பித்தண்ணி ஆகாது. பச்சை வெங்காயம் ஆகாது. கற்பூரம் இருக்குற பீரோவுல குப்பியை வெச்சாக் கெட்டுப்போகும். ஏன் மாப்ள, வெங்காய வாடைக்கே நடுங்குற மருந்து டெங்குக் கிருமியை எப்பிடி எதுத்து நிக்கும்? கெழவன் சந்தேகம், மனசுல வெச்சுக்காத.

பேத்தி மதுரையில நர்சு படிக்கிறாள்ல, லீவுக்கு வந்தவகிட்ட இந்த மருந்தை எப்பிடிச் செய்றாங்கன்னு கேட்டேன். அமெரிக்காவுல ஈரத்தரையில மொளைக்கிற ஒரு செடியாம் அது. அந்தக் காலத்துல அங்க உள்ளவங்க காய்ச்சலுக்கு அதைக் கொதிக்க வெச்சுக் கசாயமாக் குடிச்சிருக்காங்க. அதோட விட்டிருந்தா நானும் சரின்னுருவேன். ஹோமியோபதியில அப்பிடி விடுறதில்ல. செடியைச் சாராயத்துல ஊறப்போட்டு எறக்குன சாறுல ஒரு சொட்டு எடுக்கணும். அதை 99 சொட்டுத் தண்ணியிலயோ சாராயத்துலயோ விட்டுக் குலுக்கணும். குலுக்குனதுல இருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடியும் 99 சொட்டுல விடணும். இப்பிடி 30 தடவை செஞ்சாக் குப்பியில 30னு போடுவாங்க. 200 தடவை செஞ்சா 200.

நீ கணக்குல எம்புட்டு மார்க்கு வாங்குனன்னு எனக்குத் தெரியும், அதனால நானே சொல்லிர்றேன். 12-வது தடவைக்கு வரும்போதே, ஒரு மில்லிச் சாறை உலகத்துக் கடல் மொத்தத்துலயும் கரைச்சுவிட்ட கணக்குக்குக் கிட்ட வந்துருது. அதுக்கு மேல அந்தச் சொட்டுல செடியோட ஒரு துளி மிச்சம் இருக்குங்கிறதுக்கே உத்தரவாதம் இல்ல. 30-வது தடவையில ஒரே ஒரு மூலக்கூறு கெடைக்கணும்னா, நம்ம பூமி தண்டி பல கோடி உருண்டையைத் தண்ணியாக்கித் தேடணும். "அப்ப 200-க்கு எம்புட்டுத்தா?"ன்னு கேட்டேன். பேத்தி போனைக் கீழ வெச்சுட்டா. "அம்புட்டுத் தண்ணி இந்த அண்டத்துலயே கெடையாது தாத்தா"ன்னா. அந்தக் கடைசிச் சொட்டைத்தான் சீனி உருண்டை மேல தெளிச்சுக் காயவெச்சு விக்கிறாங்க. சீனி மட்டும் அசல் சீனி. அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

இதுல பெரிய சூட்சுமம் ஒண்ணு இருக்கு. நீர்க்க நீர்க்க வீரியம் கூடுமாம்! அந்தச் சட்டம் நம்ம டாஸ்மாக் வாசல்ல செல்லுபடியாகும்னா, ஒரு குவார்ட்டரை ஊர்க் கம்மாயில ஊத்திவிட்டுட்டு ஊர்ச்சனம் அம்புட்டும் ஆளுக்கு ஒரு கையள்ளிக் குடிச்சு ஒரு வாரம் எந்திரிக்காமக் கெடக்கலாம். அரசாங்கத்துக்குத்தான் நட்டம்.

சிரிக்காத. இதைக் கண்டுபிடிச்ச மனுசனை நான் கேலி பேச மாட்டேன். சாமுவேல் ஹானிமன்னு ஒரு ஜெர்மன்காரர், முறையாப் படிச்ச டாக்டர். 1790-ல ஒரு மருத்துவப் புத்தகத்தை மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தப்ப, மலேரியாவுக்குக் குடுக்குற சின்கோனாப் பட்டையைத் தானே தின்னு பாத்திருக்காரு. தனக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி இருக்கவும், எது நோயைக் குடுக்குதோ அதுவே நோயைத் தீர்க்கும்னு முடிவு கட்டிட்டாரு. அந்தப் பட்டையில இருக்குற கொய்னா மலேரியாக் கிருமியையே கொல்லுதுங்கிற வெவரம் அவருக்கு எப்பிடித் தெரியும்? கிருமியாலதான் நோய் வருதுங்கிறதையே அன்னைக்கு யாரும் நிரூபிக்கல. கொசுவைப் பத்திக் கேக்கவே வேணாம். ஆனா அந்தக் காலத்து மத்த டாக்டருமார் செஞ்சதைக் கேட்டா நீயே ஹானிமன் கால்ல விழுந்துருவ. காய்ச்சல்னு போனாக் கை நரம்பைக் கீறிக் கிண்ணம் கிண்ணமா ரத்தத்தை எறக்குவாங்க. அட்டையை விட்டுக் கடிக்க விடுவாங்க. பாதரசத்தைத் தூளாக்கிக் குடுப்பாங்க. அமெரிக்காவோட மொத ஜனாதிபதி வாஷிங்டனுக்கே 1799-ல தொண்டை வீங்குச்சுன்னு ரத்தத்தை எறக்கு எறக்குன்னு எறக்கி, அன்னைக்கு ராத்திரியே மனுசன் போயிட்டாரு. இந்த லட்சணத்துல ஒருத்தர் சீனி உருண்டையைக் குடுத்து, நல்லாச் சாப்புடு, காத்தாடப் படு, சுத்தமா இருன்னு சொன்னா, அவருகிட்டப் போனவன் பொழைக்கத்தானே செய்வான்? ஒண்ணும் செய்யாம விட்டதே அன்னைக்குப் பெரிய வைத்தியம். அந்தப் பேருலதான் 200 வருசமா வண்டி ஓடுது.

இப்ப நீ கேப்ப. கேளு, வாயில வந்துருச்சு. "இங்கிலீஷ் மருந்துல மட்டும் டெங்குவுக்கு மருந்து இருக்கா மாமா?"

இல்ல மாப்ள. சத்தியமா இல்ல. டெங்குக் கிருமியைக் கொல்ற மாத்திரையோ ஊசியோ இன்னைக்கு வரைக்கும் எந்தப் பெரியாஸ்பத்திரியிலயும் கெடையாது. பாராசிட்டமால் குடுப்பாங்க, அது சூட்டையும் வலியையும் தணிக்கும், அம்புட்டுத்தான். தண்ணி குடிக்கச் சொல்லுவாங்க. அப்பறம் எதுக்கு அங்க போகணும்னா, அதைச் சொல்லத்தான் உன்னை உக்காரவெச்சேன்.

டெங்குவுக்கு ஒரு நாள்கணக்கு இருக்கு. கொசு கடிச்சு 4 நாள்ல இருந்து 10 நாளைக்குள்ள காய்ச்சல் ஆரம்பிக்கும். அனலாக் கொதிக்கும், மூட்டுக்கு மூட்டு முறிச்சுப் போட்ட வலி, கண்ணுக்குப் பின்னாடி குத்தும். 2 நாள்ல இருந்து 7 நாளைக்குள்ள காய்ச்சல் தானா விட்டுரும். தானா. நீ மருந்து குடுத்தாலும் விடும், குடுக்காட்டியும் விடும். உன் சின்னவனுக்கு 3-வது நாள் உருண்டை குடுத்த, 5-வது நாள் விட்டுச்சு, உருண்டை ஜெயிச்சுருச்சு. அதே வாரம் எதுத்த வீட்டுப் பொண்ணுக்குப் பப்பாளி இலைச்சாறு குடுத்தாங்க, விட்டுச்சு. கீழத்தெருவுல நிலவேம்புக் கசாயம், விட்டுச்சு. மந்தையம்மன் கோயில் பூசாரி துன்னூறு போட்டாரு, அங்கயும் விட்டுச்சு. நாலு வைத்தியமும் ஒரே ஊர்ல ஒரே வாரத்துல பலிச்சிருக்கு. பட்டம் யாருக்குக் குடுக்குறதுன்னு தெரியாம நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்.

பேரு வாங்குறதுல எனக்கு ஒண்ணும் இல்ல, வாங்கிக்க. மத்தக் காய்ச்சல் எல்லாம் விட்டா நல்லது. டெங்கு மட்டும் விட்ட பொறவுதான் வேலையைக் காட்டும். காய்ச்சல் எறங்குற அந்தப் பொழுதுல இருந்து ஒரு நாள், ரெண்டு நாள்தான் கண்டம். அந்த நேரத்துல சில பேருக்கு ரத்தக் குழாய்ல இருந்து தண்ணிச் சத்து வெளிய கசிஞ்சு நெஞ்சுலயும் வயித்துலயும் போய் சேரும். உள்ள இருக்குற ரத்தம் கெட்டியாகும். நாடி தளரும். கை காலு சில்லுன்னு ஆகும். புள்ள தெளிவாத்தான் பேசும், உடம்பு தொட்டாக் குளுந்து இருக்கும், ஆத்தாக்காரி "அப்பாடா, மருந்து கேட்டுருச்சு"ன்னு ரெண்டு நாள் தூக்கத்தைச் சேத்துத் தூங்கப் போயிருவா. நீயும் தெருவுக்குக் கெளம்பிருவ, செய்தி சொல்ல. உன் உருண்டைக்குப் பேரு கெடைக்கிற நாளும் புள்ளைக்கு ஆபத்து வர்ற நாளும் ஒரே நாளு மாப்ள. அது தெரியாமத்தான் வருசா வருசம் எழவு விழுது.

2012-ல திருநெல்வேலிப் பக்கம் கடையநல்லூர் அது இதுன்னு ஊரையே பொரட்டிப் போட்டுச்சே, நெனப்பு இருக்கா? அந்த வருசம் தமிழ்நாட்டுல 12,000 பேருக்கு மேல டெங்கு, 60 பேருக்கு மேல போயிட்டாங்க. 2017-ல கேஸு 23,000-த்தைத் தாண்டுச்சு.

ஆஸ்பத்திரியில என்ன செய்றாங்கன்னு பேத்திகிட்டத் துருவித் துருவிக் கேட்டேன். மருந்தைவிட அங்க காவல்தான் பெருசு. நாடி, பிரசர், ஒண்ணுக்குப் போற அளவு எல்லாத்தையும் மணிக்கணக்குப் பாத்து எழுதுவாங்க. நகத்தை அமுக்கி விடுவாங்க, வெளுத்த நகம் ரெண்டு எண்ணுறதுக்குள்ள செவக்கணும். செவக்கலைன்னா ஓட்டம் தளருதுன்னு அர்த்தம். ரத்தம் எடுத்து பி.சி.வி.ன்னு ஒண்ணு பாப்பாங்க, ரத்தம் எம்புட்டுக் கெட்டியாகுதுன்னு அது சொல்லும். கெட்டியாகுதுன்னு தெரிஞ்சதும் சலைனை அளந்து ஏத்துவாங்க. கொறைச்சு ஏத்துனா ஓட்டம் நிக்கும், கூட ஏத்துனா நெஞ்சுல தண்ணி கோத்து மூச்சு முட்டும். கசிவு நின்ன பொறவு சலைனை எப்பக் கொறைக்கணும், எப்ப நிறுத்தணும்னு ஒரு கணக்கு. இந்தக் காவல் ஒண்ணுலதான் சமாசாரம் இருக்கு. கடுமையான டெங்குவைச் சரியாக் கவனிச்சா 100 பேர்ல ஒருத்தர்கூடப் போறதில்ல. கவனிக்காம விட்டா 20 பேர் வரைக்கும் போயிருவாங்க. உன் குப்பிக்கு நாடி பாக்கத் தெரியாது.

அதுக்காக நீ பயந்துபோய் ரோட்டுமேல போர்டு வெச்சிருக்குற எவன்கிட்டயாவது ஓடிராத. போன ஒடனே "ஒரு ஊசி போட்டு விடுங்க சார்"னு கேக்குறது நம்ம சனத்துக்கு ஒரு வியாதி, அதுக்கு ஹோமியோபதியிலயும் மருந்து இல்ல. டெங்குல ரத்தம் ஒறையுறது கொறைஞ்சு கெடக்கும். டைக்ளோபினாக், புரூபன், ஆஸ்பிரின்னு வலிக்குப் போட்டா உள்ள ரத்தம் கசிய வழி விட்ட மாதிரி ஆயிரும். இடுப்புல போடுற ஊசியே அந்த நேரத்துல ஆகாது. இன்னொரு பக்கம், கவுண்ட்டு எறங்கிருச்சு, கவுண்ட்டு எறங்கிருச்சுன்னு பிளேட்லெட்டைச் சொல்லியே பெருங்காசு கறக்குற எடமும் உண்டு. பிளேட்லெட் டெங்குல எறங்கத்தான் செய்யும், பொறவு ஏறவும் செய்யும். ரத்தப்போக்கு இல்லாதவனுக்கு எண்ணிக்கையை மட்டும் பாத்து ஏத்துறதுல புண்ணியம் இல்லைன்னு பெரிய டாக்டருமாரே சொல்றாங்க. கவுண்ட்டை மட்டும் பாத்துக்கிட்டு நாடியையும் ஒண்ணுக்கையும் பாக்காம விட்டவனுக்கும் உனக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, அவன் பில்லு போடுவான், அம்புட்டுத்தான்.

"சோதனை செஞ்சு நிரூபிச்சிருக்காங்க மாமா"ன்னு போன வாரம் டீக்கடையில சொன்னியாமே? ஆமா, செஞ்சிருக்காங்க. நடு அமெரிக்காவுல ஹோண்டுராஸ்னு ஒரு தேசம். அங்க ஒரு சுகாதார நிலையத்துல டெங்குன்னு வந்த 60 பேரை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஹோமியோபதிக் கலவை, மறுபாதிக்கு அதே மாதிரி இருக்குற போலி மருந்து. யாருக்கு எதுன்னு வாங்குனவனுக்கும் தெரியாது. 2007-ல ஹோமியோபதிக்காரங்க நடத்துற பத்திரிகையிலேயே முடிவு வந்துச்சு: காய்ச்சல் இருந்த நாளுலயும் வலியிலயும் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்ல. அதுல இன்னொரு கூத்து, அந்த 60 பேர்ல ரத்தத்துல டெங்குன்னு உறுதியானது 3 பேருக்குத்தான். மிச்சம் பேருக்கு என்ன காய்ச்சல்னு மாத்திரைக்கும் தெரியாது, குடுத்தவங்களுக்கும் தெரியாது. மருந்து வாங்குன கூட்டத்துக்கு வலி ஏறி ஏறி எறங்குச்சுன்னும், அது மருந்து வேலை செய்றதுக்கு அடையாளமா இருக்கலாம்னும் அதுலயே எழுதியிருக்காங்க. வலி கொறைஞ்சாலும் மருந்து ஜெயிச்சது, கூடுனாலும் மருந்து ஜெயிச்சது. இப்பிடி ஒரு கேஸு கெடைச்சா எந்த வக்கீல்தான் தோப்பான்?

டெல்லியிலயும் செஞ்சாங்க. ஆஸ்பத்திரியில சலைனும் பாராசிட்டமாலும் வாங்கிக்கிட்டு இருந்த ஆளுகள்ல ஒரு பகுதிக்கு ஹோமியோபதியையும் சேத்துக் குடுத்ததுல பிளேட்லெட் வெரசா ஏறுச்சுன்னு சொன்னாங்க. சீட்டுக் குலுக்கிப் பிரிச்ச கூட்டம் இல்ல அது, ஆளுக்கு ஆளு நோயும் வேற, சேந்த நாளும் வேற. பிளேட்லெட்தான் 7, 8-வது நாள்ல தானா ஏறுமே. நான் கவனிச்சது வேற. அந்த டாக்டருமாரே ஆஸ்பத்திரியில கட்டிலைப் போட்டு, சலைனை மாட்டி, அதுக்கு மேலதான் உருண்டையைக் குடுத்திருக்காங்க. உருண்டையை மட்டும் நம்பி யாரையும் வீட்டுல படுக்கப் போடல. ஆஸ்திரேலியா அரசாங்க மருத்துவக் குழு 2015-ல 170-க்கு மேற்பட்ட ஆராய்ச்சியை அலசிப் பாத்துட்டு, ஹோமியோபதி கேக்கும்னு நம்பிச் சொல்ற மாதிரி ஒரு நோய்கூட இல்லைன்னு எழுதிருச்சு.

சரி, இதை விடு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உன் சின்னவனுக்கு வந்தது டெங்குன்னு யாரு சொன்னா? ரத்தம் பாத்தியா? மொத அஞ்சு நாளைக்குள்ள எடுக்குற என்.எஸ்.1 டெஸ்ட்டு எடுத்தியா? எடுக்கல. உடம்பு வலிக்குதுன்னான், தெருவுல நாலு பேருக்கு டெங்கு, அதனால இவனுக்கும் டெங்கு. அப்பிடித்தானே? இப்பக் கேளு. அவனுக்கு வந்தது டெங்கு இல்ல, சாதாக் காய்ச்சல்னா, உன் உருண்டை டெங்குவுல ஜெயிக்கவே இல்ல. தெருவுல சொன்னதை வாபஸ் வாங்கு. இல்ல, டெங்குதான் வந்துச்சுன்னா சங்கதி இன்னும் மோசம். டெங்குக் கிருமியில 4 ரகம் இருக்கு. ஒரு ரகம் வந்து போனா அந்த ரகம் மறுபடி வராது, ஆனா வேற ரகம் வரலாம். அப்பிடி ரெண்டாவது வர்றதுதான் பல பேருக்கு மொதல்ல வந்ததைவிட வேகமாத் தாக்குது. ஒடம்புல இருக்குற பழைய எதிர்ப்பே புதுக் கிருமிக்குக் கதவைத் தொறந்து விட்டுருது. ஆக, போன வருசம் பொழைச்ச தைரியத்துல இருக்குற உன் வீடுதான் இந்த வருசம் தெருவுலயே அதிகமாச் சூதானமா இருக்கணும். குப்பியைக் காட்டித் தைரியம் சொல்ற நீ உன் புள்ளையைப் பாத்துக் கொஞ்சம் பயப்படு.

இப்பத் தடுப்பு மாத்திரைக் கதைக்கு வா. அரசாங்கத்துல, சங்கத்துல, பள்ளிக்கூடத்துல எல்லாம் குடுக்குறாங்க, நான் குடுத்தா என்னன்னு கேப்ப. கொசு கடிச்சு டெங்குக் கிருமி உள்ள போனாலும் நாலுல ஒருத்தருக்குத்தான் நோயே வெளிய தெரியும். மிச்ச மூணு பேரும் மாத்திரை தின்னாலும் திங்காட்டியும் எந்திரிச்சு நடப்பாங்க. அந்த மூணு பேரையும் நீ உன் கணக்குல வரவு வெச்சுக்கிற. காய்ச்சல் வந்தவன் வீட்டுல, "ஒழுங்காச் சாப்புடல, வெங்காயம் தின்னுருப்பான்"னு அவன் கணக்குலயே எழுதிர்ற. எம்புட்டு நல்ல யாவாரம்!

போன புதன்கிழமை நான் உன் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்தேன், நீ இல்ல. சும்மா ஒரு பார்வை பாத்தேன். உன் சிமெண்ட்டுத் தொட்டியில எட்டிப் பாத்தா, மேல்மட்டத்துல தலைகீழாத் தொங்கிக்கிட்டு இருந்த புழுக எல்லாம் என் நிழல் விழவும் சுருண்டு சுருண்டு அடிக்குப் போகுது. கொஞ்ச நேரம் அசையாம நின்னேன், ஒவ்வொண்ணா மேல வந்து மறுபடியும் தொங்குது. தண்ணி என்னமோ கண்ணாடி மாதிரி சுத்தமாத்தான் இருந்துச்சு, டெங்குக் கொசு சாக்கடையைச் சீண்டாது, நல்ல தண்ணியிலதான் முட்டையிடும். பழைய டிராக்டர் டயரு ரெண்டு, அதுலயும் மழைத்தண்ணி. உன் ஆத்தா காலத்து ஆட்டுரல் குழியிலயும் தண்ணி. பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டை நான் பாக்கல, உன் பொண்டாட்டி கோவிச்சுக்கும்னு விட்டுட்டேன்.

அதுக்கு மொத நாளுதான் பஞ்சாயத்துல இருந்து கொசுப்புழு பாக்குற பொம்பளைப்புள்ள வந்துருக்கு. தொட்டியில அபேட் மருந்து ஊத்த வந்த அந்தப் புள்ளையை, தண்ணி வாடை அடிக்கும், எங்க வீட்டுல எல்லாம் ஹோமியோபதித் தடுப்பு போட்டாச்சு, போம்மான்னு வெரட்டிவிட்டியாமே? வெயில்ல வீடு வீடா ஏறி எறங்குது, கூலி என்னத்தப் பெருசாக் குடுக்கப்போறாங்க. அது தேடி வந்த புழு உன் தொட்டியில பொறந்து, இறக்கை மொளைச்சு, காலையிலயும் சாயங்காலத்துலயும் உன் உருண்டை தின்ன புள்ளைகளையே தேடிப் போய்க் கடிக்கும். காலுல வெள்ளை வரி போட்ட கொசு, ரொம்பத் தூரம் பறக்காது, உன் தெருவைத் தாண்டாது. நோயும் உன் கொல்லையில இருந்து, மருந்தும் உன் திண்ணையில இருந்து. இப்பிடி ரெண்டு யாவாரத்தையும் ஒரே வீட்டுல நடத்துற சாமர்த்தியம் நம்ம வம்சத்துல இதுக்கு முன்னாடி யாருக்கும் இருந்ததில்ல.

முட்டையில இருந்து கொசு ஆகுறதுக்கு ஒரு வாரம், பத்து நாளு ஆகும். வாரம் ஒருக்காத் தொட்டியைக் காலி பண்ணி, உள்சுவரை வெளக்குமாத்தால தேய்ச்சுக் கழுவு. சும்மா தண்ணியை மட்டும் கொட்டுனாப் பத்தாது, சுவத்துல ஒட்டுன முட்டை காஞ்சே பல மாசம் கெடக்கும், மறுபடி தண்ணி பட்டதும் பொரிச்சிரும். கழுவ முடியாத தொட்டியில அந்தப் புள்ளை அபேட்டை ஊத்தட்டும். குடத்துக்கும் அண்டாவுக்கும் வேட்டித் துணியைக் கட்டு. டயரை எடத்தை விட்டுத் தள்ளு. ஆட்டுரலைக் கவுத்துப் போடு, இல்லாட்டி மண்ணைக் கொட்டு, மாவுதான் கிரைண்டர்ல ஆட்டுறீங்களே. பகல்ல தூங்குற பச்சப்புள்ளைக்கும் கொசுவலையைப் போடு.

உனக்கு மருந்து குடுத்த அந்த ஹோமியோபதி டாக்டரை நான் தப்பாச் சொல்லல. அஞ்சரை வருசம் காலேஜுல படிச்சுட்டு வந்துருக்காரு. போனவன் சொல்றதை அரைமணி நேரம் காது குடுத்துக் கேக்குறாரு, அந்தப் பொறுமை டவுனு ஆஸ்பத்திரியில யாருக்கு இருக்கு? என் மூட்டு வலிக்கு நானும் போய்ப் பேசிட்டு வந்துருக்கேன், வலி போகல, மனசு லேசாச்சு. உன்னைப் பத்தி விசாரிச்சேன். "ரத்தம் பாருங்க, வயித்து வலி வாந்தின்னா நேரா ஜி.ஹெச்.சுக்குப் போயிருங்கன்னு சொல்லித்தானே அனுப்புனேன்"னாரு. அந்தப் பாதியை நீ தெருவுல சொல்லவே இல்லியே மாப்ள?

உருண்டையைக் குடுக்காதன்னு நான் சொன்னா நீ கேக்கப் போறதில்ல. குடு. ஆனா பொட்டலம் மடிக்கிற காயிதத்துல ஒவ்வொண்ணுலயும் இதை எழுதிக் குடு, என் பேத்தி அழகா எழுதித் தருவா. காய்ச்சல்னா மொத அஞ்சு நாளைக்குள்ள ரத்தம் பாக்கணும். பாராசிட்டமாலை எடைக்குத் தக்கன, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்காத்தான் குடுக்கணும், வேற வலி மாத்திரையும் ஊசியும் ஆகாது. கஞ்சி, இளநி, உப்பு சர்க்கரைக் கரைசல்னு குடுத்துக்கிட்டே இருக்கணும். காய்ச்சல் விட்ட பொறவும் ரெண்டு நாள் புள்ளையை விட்டு நகரக்கூடாது. வயித்து வலி, நிக்காத வாந்தி, பல்லுலயோ மூக்குலயோ ரத்தம், கருப்பா வெளிக்குப் போறது, மூச்சு வாங்குறது, கை காலு சில்லுன்னு போறது, புள்ள துவண்டு கெடக்குறது, இல்ல நெலைகொள்ளாம அலமோதுறது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகாதது, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்துருக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாசமா இருக்குற பொம்பளை, கைக்கொழந்தை, சக்கரை வியாதிக்காரங்க, என் மாதிரிக் கெழடு கட்டை எல்லாம் காய்ச்சல் வந்த அன்னைக்கே போயிரணும்.

சந்தேகம் கேக்க 104, வண்டிக்கு 108. ரெண்டுக்கும் காசு கெடையாது.